அந்த நாய் யாரோடது?

வைமாத்தா
5 ஜூன் 1986

அன்புள்ள தம்பி ராவிரிக்கு,

நானும் ஹேனாரேயும் பிள்ளைகளும் நலம். உன் மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா? ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவனுக்கு மணிக்கட்டுதான் சோறு போடுகிறது. ராத்திரியில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு, சோம்பேறித்தனப்படாதே.

நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். நம் ஹூயா போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹேனாரே அவளை மலைக்குப் பன்றி வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பிள்ளைகளும் நானும் டவுனில் அவன் தங்கை வீட்டில் இருந்தோம். பெரிய ஆண் பன்றியாம். ஹூயாதான் மோப்பம் பிடித்து மடக்கியிருக்கிறாள். பன்றி திரும்பிக் குத்திவிட்டது, குடல் வெளியே வந்துவிட்டது, மடியில் போட்டதும் உயிர் போய்விட்டது என்று சொன்னான். நம் கொல்லையில் நீ தங்கும் கேரவனுக்குப் பின்னால் வில்லோ மரத்தடியில் புதைத்துவிட்டானாம். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சின்னவள் ஆரோஹா இன்னும் அவளுடைய கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். நான் தடுக்கவில்லை. ஹேனாரே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. துக்கம் போலிருக்கிறது. ஃப்ரீஸர் முழுக்கக் கறி கிடக்கிறது, எனக்குத் திறக்கவே பிடிக்கவில்லை.

சாப்பிடாமல் கிடக்காதே. பதில் எழுது.

உன் அக்கா,
மெரெயானா


மேற்கு ஆஸ்திரேலியா
19 ஜூன் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைக் கேட்காதே.

உன் கடிதத்தை ரோமம் கத்தரிக்கும் கொட்டகை வாசலில் நின்று படித்தேன். கண் கலங்கியதை எங்கள் மேஸ்திரி பார்த்துவிட்டான். "யாரு செத்தது, அம்மாவா?" என்றான். நாய் என்றேன். "அட ச்சே, நான் பயந்துட்டேன். வேற ஒண்ணு வாங்கிக்கோப்பா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். மத்தியானம் வரைக்கும் ஒரு ஆட்டைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. இந்த ஊரில் ஈ, ஆட்டுப் பீ, வியர்வை எல்லாவற்றையும் சகித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை மட்டும் சகிக்க முடியவில்லை. இனி அவன் தட்டு கழுவிய தண்ணீரில் என் தட்டைக் கழுவ மாட்டேன்.

வேறு ஒன்றாமே! பரத்தேனே பெரியவர் தன் நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைத் தூக்கி என் சட்டைக்குள் போட்டு, "இவள நீ வளக்கல, இவதான் உன்ன வளக்கப் போறா" என்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். அவர் வேறு யாருக்கும் குட்டி கொடுத்ததில்லை.

ஹேனாரே மச்சானுக்கு என் நன்றியைச் சொல். "நாய் முதல்ல, பன்னி அப்புறம்" என்று அப்பா சொல்லுவார். அவனுக்கு முதுகு வலி உண்டு. அந்த முதுகில் அவளை அத்தனை தூரம் சுமந்து வந்து வீட்டு மண்ணில் புதைத்திருக்கிறான். இதை நான் மறக்க மாட்டேன். எங்கே குத்தியது, தையல் போட்டுப் பார்த்தானா என்று அவனை ஒரு வரி எழுதச் சொல். தெரிந்தால் மனசு கொஞ்சம் அடங்கும்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தம்பி,
ராவிரி


வைமாத்தா
30 ஜூன் 1986

மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம். எழுதுவது எனக்குப் பழக்கமில்லை, உனக்கே தெரியும்.

தையல் போடும் நிலையில் இல்லை. வலி தெரியாமல் போய்விட்டது. அதையே நினைத்துக்கொண்டிருக்காதே, வேட்டை நாய் என்றால் ஒரு நாள் இப்படித்தான். ஆனால் அந்தப் பன்றியை நான் விடவில்லை. அதன் கோரைப்பற்கள் இரண்டையும் வேகவைத்துச் சுத்தம் செய்து, துளைபோட்டுக் கயிறு கோத்து அனுப்பியிருக்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் இவ்வளவு நீளப் பல்லை நீ பார்த்திருக்க மாட்டாய். உனக்குத்தான்.

மழை அதிகம். வேறு செய்தி இல்லை.

ஹேனாரே


மேற்கு ஆஸ்திரேலியா
20 ஜூலை 1986

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

இங்கே நலம், அங்கே உங்கள் நலம் அறிய ஆவல்.

பற்கள் வந்து சேர்ந்தன. கழுத்தில் போட்டிருக்கிறேன், குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. கொட்டகையில் எல்லாரும் எடுத்துப் பார்க்கிறார்கள். "எத்தன கிலோ இருந்துச்சு?" என்று கேட்கிறான் ஒவ்வொருவனும். மடையன்கள். பல்லைப் பார்த்தால் நம் ஊர்க்காரன் எடையா கேட்பான்? "நாய் யாரோடது?" என்றல்லவா கேட்பான்! நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன், என்னோடது, பெயர் ஹூயா என்று.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். ஜாரா மரத்தில் ஒரு பலகை எடுத்து அவள் பெயரைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். செதுக்கல் கோணல்மாணலாக இருக்கிறது, சிரிக்காதே. வில்லோ மரத்தடியில் அதை நட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். இந்த வருஷம் அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். அதுவரைக்கும் அந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு அக்கா. அவளுடைய கழுத்துப் பட்டையையும் அனுப்பு. அந்தத் தோல் நானே வெட்டித் தைத்தது.

உங்கள்
ராவிரி


வைமாத்தா
2 செப்டம்பர் 1986

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். பிள்ளைகளுக்கு மாறி மாறிச் சளி.

கேமரா ரிப்பேர். மரத்தடியில் ஒரே சேறு, எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. பட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஃப்ரீஸரில் இருந்த பன்றிக்கறி முழுவதையும் மராயே ஊர்க்கூடத்துச் சமையல்காரிகளிடம் கொடுத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் அது வேகாது. பூஹா கீரையை வெறுமனே வேகவைத்துத் தின்கிறோம். பெரியவன் முணுமுணுக்கிறான், முணுமுணுக்கட்டும். நான் இப்போது பிள்ளைகள் அறையில்தான் படுக்கிறேன். அங்கே குளிர் கம்மி.

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வர வேண்டுமா? டிக்கெட் விலையெல்லாம் ஏறிவிட்டது என்கிறார்கள். யோசித்துக்கொள்.

மணிக்கட்டைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
மெரெயானா


மேற்கு ஆஸ்திரேலியா
21 செப்டம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

வர வேண்டுமா என்று நீ என்னைக் கேட்கிறாய். இதுவரைக்கும் நீ அப்படிக் கேட்டதில்லை. உடம்பு சரியில்லையா, அல்லது வேறு ஏதாவதா?

போன வாரம் எங்கள் கொட்டகைக்குப் புதிதாக ஒரு சமையல்காரன் வந்தான். நம் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். பெயர் தீப்பெனே. என் கழுத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏய், இது வைமாத்தா ரக்பி கிளப் வேட்டைப் போட்டியில ஜெயிச்ச பன்னியாச்சே! உனக்கு எப்படிடா வந்துச்சு?"

"என் மச்சான் அனுப்பினாரு."

"ஹேனாரேவா? அடேங்கப்பா, என்னா மனுஷன்! நாலு மணிக்கு எடைத் தராச மூடப் போறாங்க. மூச்சு வாங்க வாங்க முதுகுல பன்னியோட வந்து விழுந்தாரு. மரம் அறுக்குற மெஷின் பரிசு. அன்னிக்கு பார்ல எங்க எல்லாருக்கும் அவருதான் ஊத்தினாரு."

"என்னிக்கு?"

"ராணி பொறந்தநாள் லீவு. ஞாயித்துக்கெழம."

அக்கா, ஹூயா செத்ததும் அந்த ஞாயிறுதான். ஒரு மனிதனுக்கு ஒரு முதுகுதான் உண்டு. அதில் பன்றி இருந்தது என்றால் என் நாய் எங்கே இருந்தது?

சமாதானம் சொல்லாதே. எனக்கு எழுது.

ராவிரி


வைமாத்தா
6 அக்டோபர் 1986

அன்புள்ள தம்பி ராவிரிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்.

மரத்தடியில் ஒன்றுமில்லை.

நீ போட்டோ கேட்டாயே, அந்த இடம் மொட்டையாக இருக்க வேண்டாம் என்று ஒரு ஆளிச்செடி நடப் போனேன். புல்வேர் பின்னிக் கிடந்தது. மண்வெட்டி பட்ட தடமே இல்லை. தள்ளித் தள்ளித் தோண்டிப் பார்த்தேன். பழைய பாட்டில்தான் கிடைத்தது. மண் அப்பிய கையோடு உள்ளே போனேன். ஹேனாரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பன்றியின் விலாக்கறியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஹூயா எங்க?"

"மரத்தடியிலதான்."

"தோண்டிட்டு வரேன். ஹூயா எங்க?"

எலும்பைக் கீழே வைத்தான். விரலை நக்கிக்கொண்டான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, பதில் சொல்வதற்கு முன்னால் அவன் விரலை நக்கிக்கொண்டான்.

"மூணு ஓடை சேர்ற எடத்துல."

"செத்ததும் அங்கயே விட்டுட்டியா?"

"இல்ல மெரெ... சாகல. தோள்லதான் கிழிசல். நடக்க முடியல அவளால. நாலு மணிக்குள்ள எடை போடணும். ரெண்டையும் எப்படித் தூக்குறது? போட்டுட்டு உடனே திரும்பிப் போலாம்னுதான் நெனச்சேன்."

"போனியா?"

"பயலுக விடல. அப்புறம் மழை, ஆத்துல தண்ணி. மறுநாள் எப்படியும் செத்திருக்கும்னு..."

"நாய்க்குத் தையல் போடுற ஊசி நூல் இடுப்புல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

நான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அந்தக் கறியை நானும்தானே தின்றேன்! பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டேன். இவன் பக்கத்தில் படுத்தேன். பரிசை ஜெயித்தது எனக்கு அன்றே தெரியும். சாவுச் செய்தியில் அதை எழுதுவது அசிங்கம் என்றுதான் விட்டேன். அசிங்கம் எது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு உனக்கு ஏன் எழுதவில்லை? நீ வந்து இவனை அடித்துக் கொன்றுவிடுவாய், பிள்ளைகளுக்கு அப்பன் இல்லாமல் போகும் என்று பயந்தேன். நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். அந்த மெஷின் குரைக்கிறது தம்பி. இவன் விறகு அறுக்க அதைக் கிளப்பினாலே நான் காதைப் பொத்திக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறேன்.

என்ன செய்யலாம் என்று நீ சொல்.

உன் அக்கா,
மெரெயானா


மேற்கு ஆஸ்திரேலியா
20 அக்டோபர் 1986

அக்காவுக்கு,

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இந்த உறையில் அந்தப் பற்கள் இருக்கின்றன. மூன்று மாதம் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். "என் நாய் மடக்கியது" என்று பீற்றிக்கொண்டேன். கழற்றிய பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்தேன், மணல் போட்டுத் தேய்த்தேன். நாற்றம் போகவில்லை. பல்லுக்கு நாற்றம் கிடையாது என்று எனக்கும் தெரியும். அனுப்பியவன் கையின் நாற்றம் அது. அவளைக் காட்டில் போட்டுவிட்டு, அவள் மடக்கிய பன்றியின் பல்லை எனக்கே சீர் அனுப்பியிருக்கிறான். இந்த நெஞ்சழுத்தம் எங்கிருந்து வந்தது?

அவனை அடிக்க மாட்டேன். அடித்தால் பத்து நாளில் வீக்கம் வடியும், அப்புறம் ஊரே அவனைப் பாவம் என்னும்.

இந்தப் பல்லை அவன் கழுத்தில் போடச் சொல். கடைக்கு, மராயேக்கு, சாவுக்கு, எங்கே போனாலும் போட்டிருக்கட்டும். எவனாவது ஒருவன் "நாய் யாரோடது?" என்று கேட்பான். கேட்டவனுக்கு நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். அவன் சொன்னான் என்று நீ எழுதினால் நான் வீட்டுக்கு வருகிறேன். இல்லையென்றால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு மட்டுமல்ல, எந்தக் கிறிஸ்துமஸுக்கும் வர மாட்டேன். அந்த மேசையில் என்னால் உட்கார முடியாது.

பலகையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நட இடம் இல்லாத பலகையை நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ராவிரி


வைமாத்தா
14 நவம்பர் 1986

அன்புள்ள தம்பிக்கு,

நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? ஒரு வரியாவது எழுது.

பல்லும் பலகையும் வந்தன. பல்லை மேசைமேல் வைத்து உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஹேனாரே எடுத்து மாட்டிக்கொண்டான்.

பலகையைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் விடிந்ததும் அவனை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் போனேன். மூன்று ஓடை கூடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டான்.

"அந்தப் பெரிய மரத்துக்குப் பின்னால. நீ மட்டும் போ."

போனேன். ஏன் வர மாட்டேன் என்றான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவன் கட்டிப்போட்டிருந்தான் தம்பி. மரத்தின் வேரில், பன்றி கட்டும் கயிற்றால், நீ தைத்த பட்டையோடு சேர்த்து. அவள் ஊர்ந்தாவது பின்னால் வந்துவிடுவாள் என்று தெரிந்து கட்டியிருக்கிறான். கயிறு பாதிவரை கடிபட்டிருந்தது. வேரிலும் பல் பட்ட தடம். தலை கீழ்ப்பக்கம், வீட்டுப் பாதையைப் பார்த்துக் கிடந்தது.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. பிறகு பன்றி சுமக்கும் சாக்கில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து முதுகில் கட்டிக்கொண்டேன். கனமே இல்லை. திரும்பும் வழியில் அவன் கையை நீட்டினான்.

"குடு மெரெ, நான் தூக்குறேன்."

"உனக்குத்தான் முதுகு வலியாச்சே. பன்னின்னா மட்டும் வலிக்காதோ?"

வீட்டு வில்லோ மரத்தடியில் நானே குழி வெட்டினேன். பிள்ளைகள் மண் போட்டார்கள். அவன் மண்வெட்டியைத் தொட வந்தான், நான் விடவில்லை. எல்லாரும் கைகழுவித் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உள்ளே போனோம். அவன் குழாயடியிலேயே நின்றுகொண்டிருந்தான்.

பலகையை நட்டுவிட்டேன். கோணலாகத்தான் இருக்கிறது. நான் சிரிக்கவில்லை.

ஆனால் நீ கேட்டது இன்னும் நடக்கவில்லை. கடையில் இரண்டு பேர் கேட்டார்கள், டவுன்காரர்கள், எடையைத்தான் கேட்டார்கள். அதை மட்டும் டக்கென்று சொன்னான்.

உன் அக்கா,
மெரெயானா


வைமாத்தா
10 டிசம்பர் 1986

அன்புள்ள தம்பி ராவிரிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

போன வாரம் மராயேயில் ஒரு சாவு. அக்கரைக் குடும்பத்துப் பெரியம்மா போய்ச்சேர்ந்தார். அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். ஹேனாரே நீள மேசையின் நடுவில் இருந்தான், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மூடிக்கொண்டு. நான் பின்னால் போய் நின்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு அவனாகவே பொத்தானைக் கழற்றினான்.

எதிரில் பரத்தேனே பெரியவர். கண் மங்கிவிட்டது, ஆனாலும் பல் தெரிந்துவிட்டது அவருக்கு. கையை நீட்டி விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல பல்லுடா. நாய் யாரோடது?"

ஹேனாரே தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்குறேன்ல. நாய் யாரோடது?"

"ராவிரியோடது."

"ராவிரிக்கு ஏது வேற நாயி? என் ஹூயாவா? செத்துட்டான்னு சொன்னாங்களே. எங்க பொதச்ச?"

"பொதைக்கல."

"பின்ன?"

"காயம் பட்டுச்சு. மரத்துல கட்டிப் போட்டுட்டு, பன்னிய தூக்கிட்டு வந்துட்டேன். பரிசுக்கு."

"உசுரோடயா?"

"உசுரோட."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கூடத்தில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. பெரியவர் திட்டுவார் என்று நினைத்தேன், துப்புவார் என்று நினைத்தேன். பல்லைத் தொட்ட விரலை மேசைத் துணியில் நன்றாகத் துடைத்தார். தன் தட்டையும் கைத்தடியையும் எடுத்துக்கொண்டு எழுந்து அடுத்த மேசைக்குப் போனார். அவர் பக்கத்தில் இருந்தவனும் எழுந்தான். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். அந்த நீள மேசையில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றி வைத்தேன். பக்கத்தில் நான் உட்காரவில்லை.

அவன் சொல்லிவிட்டான் தம்பி. உன் கேரவனைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். ஹூயாவின் மேல் புல் முளைக்கத் தொடங்கிவிட்டது. ஆரோஹா அங்கேயும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வா.

உன் அக்கா,
மெரெயானா